டிரெய்லர் லைட் எரியவில்லை: ஒட்டுப் போடுவதா, ஒயரை மொத்தமாக மாற்றுவதா?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் டிராக்டர்கள் ரோட்டில் ஓடுவது பெரும்பாலும் இரவில்தான். வெட்டி, கட்டி, ஏற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்கப்புறம்தான் ஆலைக்குக் கிளம்ப முடியும். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறவர்களுக்கும் இதே நிலைமைதான், கூடவே மார்கழி தைப் பனியும் சேர்ந்துகொள்ளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிரெய்லருக்குப் பின்னால் 80-ல் ஒரு பஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் குறைகிறது. டிம் வெளிச்சத்தில் 50 மீட்டரில்தான் டிரெய்லர் கண்ணில் படுகிறது என்றால், அந்த டிரைவருக்குக் கிடைப்பது மூன்றே நொடி. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் அதே டிரைவர் நூற்றுக்கணக்கான மீட்டர் முன்பே காலை எடுத்துவிடுவார்.

இவ்வளவு முக்கியமான விஷயம், ஆனாலும் ஊரில் ஓடும் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் இருட்டாகத்தான் போவதாகத் தோன்றுகிறது. யாரும் வேண்டுமென்று அப்படி விடுவதில்லை. ஒரு தடவை சரி செய்வார்கள், ஒரு மாதம் எரியும், மறுபடி போய்விடும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் மனசு விட்டுப்போகிறது.

சரி செய்ய நாலைந்து வழி இருக்கிறது. கெட்ட இடத்தை மட்டும் பார்த்து ஒட்டுப் போடலாம். பல்பை எடுத்துவிட்டு எல்இடி லைட் மாட்டலாம். ஒயரிங்கை மொத்தமாகப் புதிதாகப் போடலாம். கழற்றி மாட்டுகிற மாதிரி தனி லைட் பலகை செய்யலாம். எதுவும் வேண்டாம், பேட்டரி விளக்கும் மின்னும் ஸ்டிக்கரும் போதும் என்பவர்களும் உண்டு. இதில் எது உங்கள் வண்டிக்குச் சரி என்பது பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்காமல் செலவு செய்தால் எந்த வழியில் போனாலும் காசு வீண். அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

பழுது டிராக்டரிலா, டிரெய்லரிலா

தேவையான சாமான் ஒரு 21 வாட் பல்பு, ஹோல்டர், கிளிப் வைத்த இரண்டு ஒயர். அவ்வளவுதான் டெஸ்ட் லேம்ப்.

டிராக்டரின் பின்னால் இருக்கும் ஏழு பின் சாக்கெட்டைத் திறந்தால் பின்களுக்குப் பக்கத்திலேயே எண் போட்டிருக்கும். 12 வோல்ட் வண்டிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 1724 என்ற சர்வதேசத் தர முறைப்படி 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த் (கரண்ட் திரும்பி வரும் வழி), 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில் லைட், 6 பிரேக் லைட், 7 இடது டெயில் லைட். 2-வது பின் பனிமூட்ட விளக்குக்கு உரியது, நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். இது முறைப்படியான வரிசை. உங்கள் வண்டியில் முன்பு கைவைத்தவர் எப்படிப் போட்டிருக்கிறார் என்பது வேறு விஷயம். ஒரு டிராக்டரில் மாட்டினால் ஒழுங்காக எரியும் டிரெய்லர், பக்கத்து வீட்டு டிராக்டரில் மாட்டியதும் பிரேக் போட்டால் இண்டிகேட்டர் எரிகிறது என்றால், இரண்டில் ஒன்றில் வரிசை மாறியிருக்கிறது. ஒயரின் கலரை நம்ப வேண்டாம், கையில் கிடைத்த ஒயரைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எண்ணைப் பார்த்துச் சோதிப்பதுதான் சரி.

டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை 3-வது பின்னில் வையுங்கள். டிராக்டரின் உடம்பில் வைக்கக் கூடாது. உடம்பில் வைத்தால் எல்லாம் எரியும், சாக்கெட்டின் எர்த் ஒயர் அறுந்திருப்பது மட்டும் தெரியாமலே போகும். மறுமுனையை ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டே, ஒருவரை மேலே உட்காரவைத்து லைட், இண்டிகேட்டர், பிரேக் என்று வரிசையாகப் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் டிராக்டர் பக்கம் சுத்தம்.

பிரேக் லைட் மட்டும் வரவில்லையா? ஒயரைப் பிரிப்பதற்கு முன் பெடலைப் பாருங்கள். டிராக்டரில் இடது வலது என்று இரண்டு பிரேக் பெடல். உழும்போது பிரித்துவிட்டதை ரோட்டுக்கு வந்ததும் சேர்த்துப் பூட்ட மறந்தால், சுவிட்ச் இல்லாத பெடலை மட்டும் மிதிக்கும்போது சில வண்டிகளில் பிரேக் லைட் வராது. பெடல்களைச் சேர்த்துப் பூட்டாமல் ரோட்டில் போவதே ஆபத்து என்பதால் இது இரண்டு வகையில் சரி செய்ய வேண்டிய விஷயம்.

அடுத்து டிரெய்லர். இதை டிராக்டரிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து சோதிப்பது நல்லது, பைக் பேட்டரி கூடப் போதும். பேட்டரியின் நெகட்டிவை பிளக்கின் 3-வது பின்னுக்குக் கொடுங்கள். பாசிட்டிவில் ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டு வாருங்கள். எது எரிகிறது, எது மங்குகிறது, எதற்கு ஃப்யூஸ் போகிறது என்பது எந்தக் குழப்பமும் இல்லாமல் தெரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் போனால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

எர்த் போனால் லைட் என்னென்ன செய்யும்

டிரெய்லர் லைட் பழுதில் பெரும்பங்கு எர்த்தில்தான் இருக்கிறது. விளக்குக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி அது. பல டிரெய்லர்களில் இதற்கென்று தனி ஒயரே கிடையாது. விளக்கின் ஹோல்டர் தொட்டியின் இரும்பில், தொட்டி சேசிஸில் (அடிச்சட்டத்தில்), சேசிஸ் டிராபாரில் (டிராக்டரோடு மாட்டும் முன்பக்கக் கம்பியில்), டிராபார் கொக்கி வழியாக டிராக்டரில் என்று இரும்பையே நம்பி விட்டிருப்பார்கள். நடுவில் துரு, பெயின்ட், கிரீஸ், சேறு எல்லாம் இருக்கிறது. கொக்கி இழுபடும்போது ஒட்டும், தளரும்போது விடும். வண்டி நிற்கும்போது எரிகிற லைட் ஓடும்போது அணைந்து அணைந்து எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எர்த் சுத்தமாக அறுந்தால் எல்லா லைட்டும் ஒரேயடியாக அணையும் என்று நினைப்போம். சாதாரண பல்பு போட்ட டிரெய்லரில் அப்படி நடக்காது. டெயில் லைட் எரியும், பிரேக்கை மிதித்ததும் அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு பிரேக் சுவிட்சை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

நடப்பது இதுதான். பின்பக்க பல்பில் இரண்டு இழை இருக்கிறது, 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றே, பல்பின் உலோக உடம்பு. எர்த் இல்லாதபோது டெயிலுக்கு வந்த கரண்ட் 5 வாட் இழை வழியாக உடம்புக்கு வந்து, வேறு வழியில்லாமல் 21 வாட் இழைக்குள் நுழைந்து, பிரேக் ஒயர் வழியே பின்னோக்கிப் போய், டிராக்டரின் பிரேக் பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கிறது. 21 வாட் இழையின் தடை குறைவு, அதனால் வோல்டேஜ் எல்லாம் 5 வாட் இழையிலேயே விழுகிறது. டெயில் லைட் கிட்டத்தட்ட நன்றாகவே எரிகிறது. இப்போது பிரேக்கை மிதிக்கிறீர்கள். பிரேக் ஒயரிலும் 12 வோல்ட், டெயில் ஒயரிலும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் சமம் என்றால் கரண்ட் போக இடமில்லை. எல்லாம் அணைகிறது. பின்னால் வருகிறவருக்கு, நீங்கள் பிரேக் போடும் அதே நொடியில் டிரெய்லர் காணாமல் போகிறது. லைட்டே இல்லாத டிரெய்லரைவிட இது மோசம்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குவதும், பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும் இதே நோயின் வேறு அறிகுறிகள். ஒரு லைட் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிகிறது என்றால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நீள ஒயர் போதும். டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து அந்த ஒயரை இழுத்துக்கொண்டு போய் டிரெய்லரின் பின் விளக்கு ஹோல்டரில் தொடுங்கள். அந்த நொடியே எல்லாம் ஒழுங்காக எரிந்தால் பழுது எது என்று தெரிந்துவிட்டது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "மீட்டரில் 12 காட்டுகிறது, பல்பு மட்டும் எரியவில்லை" என்று குழம்புவது வழக்கம். ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் கேட்கும். அதைக் களிம்பேறி அரித்துப்போன ஒற்றை இழையோ பின்னோ தர முடியாது. அதனால் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்ப்தான் நம்பகமானது. மீட்டர் வேறு விதத்தில் உதவும். எல்லா லைட்டையும் போட்டு, பிரேக்கையும் மிதித்து வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பின் விளக்கின் எர்த்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை சரியில்லை. இரண்டு வோல்ட் இப்படித் தொலைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மங்கலாக எரிவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. லாரிக்கான 24 வோல்ட் பல்பைக் கடையில் மாற்றிக் கொடுத்திருக்கலாம். பித்தளை மூடியில் எழுதியிருக்கும், ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

டிரெய்லரை மாட்டினால் மட்டும் ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கோ பாசிட்டிவ் ஒயர் உரசி இரும்பைத் தொடுகிறது. ஃப்யூஸ் மேல் ஃப்யூஸாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஃப்யூஸ் இருந்த இடத்தில் அதே 21 வாட் டெஸ்ட் லேம்ப்பை மாட்டிவிட்டு, டிரெய்லர் பல்புகளைக் கழற்றி வையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை லேம்ப் பளிச்சென்று எரியும், ஒயரும் சூடாகாது. பிளக்கிலிருந்து தொடங்கி ஒயரை ஆட்டிக்கொண்டே பின்னால் போங்கள். எந்த இடத்தில் கைவைக்கும்போது லேம்ப் அணைகிறதோ அங்கேதான் உரசல். ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகும் வேலை மட்டும் வேண்டாம். கம்பி உருகாது, ஒயரிங்தான் எரியும்.

இப்போது வழிகளைப் பார்ப்போம்

ஒட்டுப் போடுவது மோசமான வழி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. கேபிள் நல்ல நிலையில் இருந்து, பழுது பிளக்கிலோ, ஒரு ஹோல்டரிலோ, எலி கடித்த ஓரிடத்திலோ மட்டும் இருந்தால் அதை மட்டும் சரி செய்வதுதான் புத்திசாலித்தனம். அரை நாள் வேலை, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஒட்டு எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. ஒயரைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றினால் அது ஒரு மழைக்குத்தான் தாங்கும். வெயிலில் டேப்பின் பசை இளகி முனை விரியும், உள்ளே தண்ணீர் போகும், செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். யூரியா, பொட்டாஷ், தொழுவுரம் எல்லாம் ஏறி இறங்கும் வண்டி என்பதால் அரிப்பு இன்னும் வேகம். ஈயம் வைத்துப் பற்ற வைத்தாலும், ஈயம் முடியும் ஓரத்தில் ஒயர் விறைத்துக்கொண்டு குலுங்கலில் முறியும். உள்ளே பசை தடவிய சுருங்கும் ஸ்லீவும், அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பும்தான் டிரெய்லருக்கு ஏற்றது.

கத்தியால் கேபிளைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் ஒட்டுப் போடலாம். கறுத்திருந்தால் ஒரு சாண் தள்ளி இன்னும் கொஞ்சம் சீவுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் தண்ணீர் கேபிளுக்குள் ஊறிப் போயிருக்கிறது. அந்தக் கேபிளில் போடும் எந்த ஒட்டும் அடுத்த பழுதுக்குத்தான் வழி. ஏற்கெனவே பல இடங்களில் டேப் சுற்றிய கேபிளுக்கும் இதே தீர்ப்பு.

எல்இடிக்கு மாறுவதை இப்போது நிறையப் பேர் முதல் மருந்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. இரண்டு சக்கர டிப்பர்கள் பலவற்றில் ஸ்பிரிங் பட்டையே இல்லாததால் அடிக்கிற அடி நேராக விளக்குக்குப் போகிறது, இழை பல்பு சீக்கிரம் அறுகிறது. எல்இடியில் அறுவதற்கு இழையே இல்லை. முழுக்க மூடி சீல் செய்த விளக்காக வாங்கினால் தண்ணீரும் சேறும் உள்ளே போகாது. பழைய ஹோல்டரிலேயே மாட்டும் எல்இடி பல்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், துருப்பிடித்த ஹோல்டர் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் எல்இடி ஒயரிங் பழுதைக் குணப்படுத்துவதில்லை, கொஞ்ச காலம் மறைத்து வைக்கிறது. அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அரைகுறை எர்த்திலும் எரிந்துவிடும். களிம்பு இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு ஒரு நாள் மொத்தமாக அணையும். பல்பு மாதிரி திருட்டு வழியில் கரண்ட் திரும்ப எல்இடி விடாது, எர்த் விட்டால் முழு இருட்டுதான். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, பழுது ஒளிந்து விளையாடாமல் பளிச்சென்று தெரிகிறது. இண்டிகேட்டர் தடதடவென்று வேகமாக மினுக்கும் என்ற பயம் டிரெய்லரில் மட்டும் எல்இடி போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. டிராக்டரின் சொந்த பல்புகளே ஃப்ளாஷருக்கு, அதாவது இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் கருவிக்கு, வேண்டிய லோடைக் கொடுத்துவிடும். டிராக்டரிலும் சேர்த்து எல்லாவற்றையும் மாற்றினால்தான் எல்இடிக்கு ஏற்ற ஃப்ளாஷர் வாங்க வேண்டும்.

ஒயரிங்கை மொத்தமாக மாற்றுவதுதான் செலவு கூடிய வழி. ஒரு முழு நாள் வேலை. சொந்த டிரெய்லர் வைத்து, வருஷா வருஷம் இரவில் லோடு அடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பழைய ஒயரை அப்படியே புதிதாக்குவதில் பயன் இல்லை. சில விஷயங்களை மாற்றிச் செய்ய வேண்டும்.

முதலாவது, எர்த்துக்குத் தனி ஒயர். பிளக்கின் 3-வது பின்னிலிருந்து ஒவ்வொரு விளக்கு வரைக்கும் செம்பு ஒயரே போக வேண்டும், இரும்பை நம்பக் கூடாது. பருமன் முக்கியம். பிரேக், டெயில், ஒரு இண்டிகேட்டர் எல்லாம் ஒன்றாக எரியும்போது திரும்பி வரும் கரண்ட் சுமார் 6 ஆம்பியர், அத்தனையும் இந்த ஒரே ஒயரில்தான் வருகிறது. 6 மீட்டர் நீளத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் எர்த்தில் மட்டும் 1.25 வோல்ட் தொலையும். 1 சதுர மில்லிமீட்டரில் 0.6, 2.5-ல் கால் வோல்ட். மற்ற ஒயர்களுக்கு 1 போதும், எர்த்துக்கு 2.5 போடுங்கள். கடையில் கிடைக்கும் ஏழு கோர் (உள்ளே ஏழு ஒயர் கொண்ட) கேபிளில் எல்லாம் ஒரே பருமன் என்றால் சும்மா இருக்கும் 2-வது பின்னின் கோரை எர்த்தோடு சேர்த்துவிடத் தோன்றும். அதைவிட எர்த்துக்குத் தனியாக ஒரு ஒயரைச் சேர்த்து இழுப்பது தெளிவு, நாளைக்கு வேறு டிராக்டரில் மாட்டும்போது தகராறு வராது.

இரண்டாவது, டிரெய்லரின் முன்பக்கம் ஒயர்களை இணைக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே தொங்கும் துண்டுதான் எப்போதும் அறுகிறது. திரும்பும்போது சக்கரத்தில் மாட்டும், பிளக்கைக் கழற்ற மறந்து டிராக்டரை எடுத்துவிடுவார்கள். பாக்ஸ் இருந்தால் அந்த ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றிவிடலாம், பின்னால் போகும் கேபிளைத் தொடவே வேண்டாம்.

கேபிளை சேசிஸ் சேனலின் உட்பக்கமாக, பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோங்கள். தகட்டில் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். டிப்பராக இருந்தால் விளக்குகளை முடிந்தவரை தூக்காத சேசிஸிலேயே வைப்பது நல்லது. தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் மடங்கும் இடத்தில் கேபிளைத் தளர்வாக ஒரு சுற்று விடுங்கள், தொட்டியை முழுக்கத் தூக்கிப் பார்த்து அந்தத் தளர்வு போதுமா என்று உறுதி செய்யுங்கள். தூக்கிய தொட்டிக்கு அடியில் தலையை நீட்டுவதற்கு முன் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி உள்ளே போகவே கூடாது.

அப்புறம் ஒரு சின்ன சாமான். டிராபாரிலேயே ஒரு காலி சாக்கெட்டை வெல்டிங் வைத்துவிடுங்கள். டிரெய்லரைக் கழற்றி விடும்போது பிளக்கை அதில் செருகி வைக்கத்தான். களத்து மேட்டில் பிளக் தரையில் கிடந்து மழையில் நனைவதிலிருந்துதான் பாதிக் களிம்பு ஆரம்பிக்கிறது.

கழற்றி மாட்டும் லைட் பலகையைப் பற்றி நம் பக்கம் பேச்சே கிடையாது, ஐரோப்பாவில் சர்வ சாதாரணம். ஒரு நீளப் பலகையிலோ அலுமினிய ஆங்கிளிலோ இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் மின்னும் ஸ்டிக்கர், ஒரே நீளக் கேபிள், முனையில் ஏழு பின் பிளக். வேலை முடிந்ததும் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிடலாம். கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. கரும்பு லோடு தொட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு தொங்கும்போது, விலை கொடுத்து மாட்டிய பின் விளக்கு தோகைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஒயரிங் எவ்வளவு அருமையாக இருந்தாலும் பயன் இல்லை. பலகையை லோடு முடியும் இடத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் விளக்கு கடைசியில் இருக்கும். ஆலையில் இறக்கும்போது விளக்கு நசுங்குவதும் இருக்காது, இறக்குவதற்கு முன் அவிழ்த்து வைத்துவிடலாம். வாடகை டிரெய்லர், சொந்த டிரெய்லர் என்று மாற்றி மாற்றி இழுப்பவர்களுக்கும் இதுதான் ஏற்றது, ஒரே பலகை எல்லாவற்றுக்கும் பொருந்தும். குறை என்னவென்றால், ஒவ்வொரு நடைக்கும் மாட்டிக் கழற்றும் பொறுமை வேண்டும். டிரைவர் களைத்திருக்கும் ராத்திரியில் அது நடக்குமா என்பதை உங்கள் ஆளைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேட்டரியில் மினுக்கும் சிவப்பு விளக்கு வழியில் லைட் போனால் வீடு வந்து சேர உதவும், கருவிப்பெட்டியில் ஒன்று கிடக்கட்டும். நீங்கள் பிரேக் போடுவதும் திரும்புவதும் அதற்குத் தெரியாது என்பதால் அதையே நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ள முடியாது. மின்னும் ஸ்டிக்கர் வேறு கதை. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை ஒட்டியே ஆக வேண்டும். பின்புறம் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் டிரெய்லருக்கும் கட்டாயம் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. ஒட்டுவதற்கு முன் தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு ஒட்டினால்தான் நிற்கும். மாதத்துக்கு ஒரு தடவையாவது சேற்றைக் கழுவ வேண்டும், அழுக்குப் படிந்த ஸ்டிக்கர் மின்னாது.

யாருக்கு எது

சொந்த டிரெய்லர், கேபிளைச் சீவினால் செம்பு பளிச்சென்று இருக்கிறது என்றால்: எர்த்துக்குத் தனி ஒயர் இழுங்கள், பிளக்கையும் சாக்கெட்டையும் புதிதாக மாற்றுங்கள், ஹோல்டர்களைச் சுத்தம் செய்யுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்இடி வேண்டும் என்றால் இதற்கப்புறம்.

சொந்த டிரெய்லர், செம்பு கறுத்திருக்கிறது, இரவு ஓட்டம் உண்டு என்றால் முழு ஒயரிங்கும் சீல் செய்த எல்இடி விளக்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடுங்கள், கூலி ஒரே கூலிதான். இதைச் சீசன் நடுவில் செய்யாமல், அரவை முடிந்து வண்டி சும்மா நிற்கும் கோடையில் செய்யுங்கள். அவசரம் இல்லாதபோதுதான் எலக்ட்ரீஷியனும் கிரிம்ப் போட்டு நிதானமாகச் செய்வார்.

கரும்பு நீட்டிக்கொண்டு வரும் லோடு, அல்லது பல டிரெய்லர்களை இழுக்கும் டிராக்டர் என்றால் லைட் பலகை. தொட்டியில் விளக்கு நன்றாக இருந்தாலும் கரும்புக்குப் பலகை வேண்டும்.

எலுமிச்சை, காய்கறி என்று பகலில் மட்டும் பக்கத்துச் சந்தைக்குப் போய் வருகிறவர் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை. ஒட்டும் ஸ்டிக்கரும் போதும். ஆனால் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் பகலிலும் தேவை, அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டிரெய்லரின் கொக்கியைக் கழற்றி, இரும்புக்கு இரும்பு தொடாமல் விலக்கி வைத்துவிட்டு, பிளக்கை மட்டும் மாட்டுங்கள். டெயில் லைட்டைப் போட்டு, இண்டிகேட்டரையும் போட்டு, அதன் மேல் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். டெயில் மங்காமல், பிரேக் தனியாக ஏறி, இண்டிகேட்டர் தன் பக்கத்தில் மட்டும் மினுக்கினால் காசைக் கொடுக்கலாம். ஏதாவது ஒன்று மங்கினாலும், கொக்கி தொட்டதும்தான் சரியாகிறது என்றாலும், எர்த் இன்னும் இரும்பு வழியாகத்தான் போகிறது, அங்கேயே திரும்பப் பிரிக்கச் சொல்லுங்கள்.